ஏற்றிவிட்டால் போதுமா?

கெடாவின் மெர்போக்கிலிருந்து செமிலிங் வழியாகச் சுங்கைப் பட்டாணிக்குப் போகும் சாலையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. சாதாரண காரில் போகிறவர் பிரேக்கைத் தொட்டுவிட்டுக் கடந்துவிடுவார். ‘லோ’ செய்த ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சோதனை. ஸ்பிரிங்கை மாற்றி உடம்பைத் தரையோடு தரையாக இறக்கி, முன் பம்பருக்குக் கீழே ‘லிப்’ என்று பட்டறையில் சொல்லும் விளிம்பையும் மாட்டிவிட்டால், காருக்கும் தாருக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தால் பெரிது. வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரமாக ஏற்றி, அடியில் கேட்கும் கரகரப்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நகர வேண்டும். பின்னால் வரும் லோரிக்காரர் ஹாரன் அடிப்பார்.

இந்தக் காரை சிப்பாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1999-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். கெடாவிலிருந்து போய்ச் சேரும் தூரமோ 400 கிலோமீட்டருக்கு மேல். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஆகட்டும், பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆகட்டும், அந்த வளைவுகளில் பறக்கிற வண்டி அங்கே போய்ச் சேர இன்னொரு வண்டியின் முதுகில் ஏற வேண்டியிருக்கிறது. டிரெய்லர் வாடகைக்கு எடுக்கிறார்கள். காரை ஏற்றியபின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் விபூதி, சூடம். கடைசியில் கூட்டத்தில் ஒருவர் சொல்லும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: “சாமி பாத்துக்கும், கெளம்பு.”

எதைப் பார்த்துக்கொள்ளும்? கட்டிய பட்டையையா, கட்டாமல் விட்ட பட்டையையா?

கேலியாகக் கேட்பதற்கில்லை. பாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் அது எங்கே முடிகிறது, ஒப்படைத்தவருக்கு மிச்சம் என்ன கடமை இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுச் சமயவாதிகள் எழுநூறு ஆண்டுக்கு மேலாக விவாதித்திருக்கிறார்கள். வாழ்ந்து பார்த்தும் இருக்கிறார்கள். மெர்போக்குக்கும் அந்த விவாதத்துக்கும் நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம்.

முதலில் காரை ஏற்றிப் பார்ப்போம். டிரெய்லரின் சாய்பலகை செங்குத்தாக இருந்தால் தாழ்ந்த கார் ஏறவே ஏறாது. முன் சக்கரம் பலகையைத் தொடும் முன்பே ‘லிப்’ போய் இடித்து உடையும். அதனால் தெரிந்தவர்கள் நீளமான சாய்பலகை கேட்பார்கள், அல்லது தட்டே பின்னால் சாயும் டிரெய்லராகப் பார்ப்பார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு அங்குலக் கனமான மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படி மாதிரி அடுக்கி ஏற்றத்தைத் தணிப்பார்கள். ஒருவர் முழங்காலிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, பம்பருக்கும் பலகைக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கையால் சைகை காட்டுவார். உள்ளே இருப்பவர் கிளட்சை அரைகுறையாக விட்டு ஒரு சாண் நகர்த்துவார், நிறுத்துவார். இஞ்சினை முடுக்கிப் பாய்ந்து ஏற்றுவதைவிட வின்ச்சால் மெல்ல இழுப்பது நல்லது. பாய்ந்த கார் முன்னால் நிற்காமல் போன கதைகள் பட்டறைக்குப் பட்டறை உண்டு. உச்சியைத் தாண்டும்போது இன்னொரு கண்டம்: முன் சக்கரம் தட்டுக்கு வந்துவிடும், பின் சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும், நடுவயிறு விளிம்பில் உட்கார்ந்துவிடும். அங்கேயும் பலகைதான் துணை. ஏறி நின்றபின் கதவைத் திறக்க டிரெய்லரின் மட்கார்ட் விடாது. ஓட்டியவர் ஜன்னல் வழியாக வெளியே வருவதைப் பார்த்துச் சிரிப்பது அந்தக் கூட்டத்தின் உரிமை.

பிறகு எடை. இஞ்சின் முன்னால் இருக்கும் காரை முகம் முன்னோக்கி ஏற்றி, கனம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி நிறுத்த வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கியில் அழுந்தினால் டிரெய்லர் நேராக வரும். கனம் பின்னால் போய்விட்டால், வேகம் ஏற ஏற டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். அப்போது பதறி பிரேக்கை மிதிப்பவர் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்ப்பார். டொயோட்டா எம்ஆர்2 போல இஞ்சின் நடுவிலோ, போர்ஷே 911 போலப் பின்னாலோ இருக்கும் காருக்குக் கணக்கே வேறு. சிலவற்றைப் பின்முகமாக ஏற்றுவதே சரி.

கட்டுவதில்தான் சுவாரசியம். காரின் அடிச்சட்டத்தில் பட்டையைப் போட்டு இறுக்கினால் ஸ்பிரிங்கையும் சேர்த்து அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தில் கார் அமுங்கும் கணத்தில் பட்டை தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். தாழ்த்திய காரில் அடிச்சட்டத்துக்குக் கையே எட்டாது. எட்டியதைப் பிடித்து மாட்டுகிறேன் என்று பிரேக் குழாயையோ ஸ்டீயரிங் கம்பியையோ இழுத்துக் கட்டியவர்கள் இறக்கும்போது அழுவார்கள். எனவே டயரையே சுற்றிப் பிடிக்கும் பட்டைகள், நான்கு சக்கரத்துக்கு நான்கு. சக்கரம் தட்டோடு கட்டுண்டு கிடக்கும், உடம்பு தன் ஸ்பிரிங்கில் தானே ஏறி இறங்கிக்கொள்ளும். கியரைப் போட்டு, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். டிரெய்லரின் கொக்கியோடு நிற்காமல் காப்புச் சங்கிலியை இரண்டாகக் குறுக்கே மாட்டவேண்டும். விளக்குகள் எரிகின்றனவா என்று பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின், சுங்கைப் பட்டாணி டோலுக்கு முன் ஓரங்கட்டி, எல்லாப் பட்டையையும் மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டை நீளும், டயர் படியும், எவ்வளவு பலமாகக் கட்டினாலும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும்.

ஏற்றப்பட்ட கார் தன் கியரால் தானும் பிடித்துக்கொண்டிருக்கிறதா, அல்லது பட்டைதான் அதைப் பிடித்திருக்கிறதா? இந்தக் கேள்வியை வைணவர்கள் இரண்டு குட்டிகளை வைத்துக் கேட்டார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகக் கட்டிக்கொள்கிறது. தாய் தாவும்போது குட்டி பிடியை விட்டால் போயிற்று. பூனைக் குட்டி எதையும் பிடிப்பதில்லை. தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. இறைவனிடம் சரணடைகிற உயிர் இந்த இரண்டில் எது? சரணாகதியும் உயிர் செய்ய வேண்டிய ஒரு செயல்தான், சிறிய அளவிலாவது அதன் முயற்சி வேண்டும் என்றார்கள் வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார். இறைவனே வழி, இறைவனே வாகனம், உயிர் செய்யக்கூடியது தடுக்காமல் இருப்பதுதான் என்றார்கள் பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார். ஒருபக்கம் ‘ரஹஸ்யத்ரயஸாரம்’, மறுபக்கம் ‘ஸ்ரீவசனபூஷணம்’. பிற்காலத்தில் இது கோயில் யானையின் நெற்றிக்கு எந்த நாமம் இடுவது என்ற வழக்காகக் குறுகிப்போனது வேறு விஷயம். மூலக் கேள்வி அதற்குப் பொறுப்பல்ல.

இரு கலையாரும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு. சரணாகதிக்குச் சொல்லப்பட்ட அங்கங்களில் ஒன்று கார்ப்பண்யம். தன்னால் ஆகாது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது. இன்னொன்று மகாவிசுவாசம். ஒப்படைத்தபின் சந்தேகப்படாமல் இருப்பது. தாழ்த்திய காருக்கு டிரெய்லர் எடுக்க வருகிறவரிடம் இந்த இரண்டும்தான் குறைவாக இருக்கும். “எவ்வளவு லோ?” என்று டிரெய்லர்காரர் கேட்டால், “கொஞ்சம்தான் அண்ணே” என்பார். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மனுக்குப் பயந்து சொல்லிப் பழகிய பொய், இங்கேயும் வாயில் வந்துவிடும். கார் வந்து நிற்கும்போதுதான் சாய்பலகை போதாது என்று தெரியும். பிறகு, கட்டி அனுப்பியானதும், 400 கிலோமீட்டரும் டிரெய்லருக்குப் பின்னாலேயே இன்னொரு காரில் ஒட்டிக்கொண்டு போய், பட்டை ஆடுகிற மாதிரித் தெரிந்தால் லைட் அடித்துக் கலவரப்படுத்துவார். உண்மையை முதலில் சொல்லாதவருக்குப் பின்னால் நிம்மதி வருவதில்லை என்பதை ஆசாரியர்கள் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் புத்தகத்தில் சொன்னதைவிட அவர்கள் செய்தது பெரிது. 1323-இல் டில்லிப் படை தெற்கே இறங்கி ஸ்ரீரங்கத்தை நெருங்கியது. உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தப்ப வேண்டிய நிலை. அழைத்துச் சென்றவர் பிள்ளை லோகாசாரியர். அப்போது அவர் நூறு வயதைத் தாண்டியவர் என்பது குருபரம்பரைக் கணக்கு. மூலவர் சந்நிதியை மறைத்துக் கல்திரை எழுப்பிவிட்டு, உற்சவரைப் பல்லக்கில் வைத்து மூடி, ஒரு சிறு கூட்டம் காட்டுவழியாகத் தெற்கே நடந்தது. நடுவழியில் கொள்ளையர்கள் பெருமாளின் நகைகளைக் கேட்க, லோகாசாரியர் தன்னிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மூர்த்தியைக் காத்தார் என்று மரபு சொல்கிறது. மதுரைக்கு அருகே, ஆனைமலைப் பக்கத்தில், ஜோதிஷ்குடி என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. சுமை நிற்கவில்லை. அழகர்கோயில், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று கைமாறிக் கைமாறி, 48 ஆண்டு கழித்து, விஜயநகரத் தளபதி கோபணாரியரின் காலத்தில், 1371-இல் ஸ்ரீரங்கம் திரும்பியது. கோபணாரியர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அந்தக் கோயிலில் இருக்கிறது.

படை வந்த அந்த 1323-இல், அதே ஊரில், வேதாந்த தேசிகரும் இருந்தார். ‘ச்ருதப்ரகாசிகை’ என்ற உரைநூலின் சுவடியைக் காப்பாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து உயிர் தப்பி, சுவடியோடு மேற்கே போனார் என்பது வடகலை மரபு.

இப்போது இரண்டு குட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிர் எதையும் பிடிக்க வேண்டியதில்லை, தாய்ப்பூனை கவ்விக்கொள்ளும் என்று எழுதியவர்தான் நூறு வயதில் பல்லக்கின் கூடவே காட்டில் நடந்தார். அன்று பெருமாளே குட்டி, லோகாசாரியரே தாய்ப்பூனை. “பெருமாள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார்” என்று அவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய சித்தாந்தத்தில் ஓர் எழுத்தும் பிழையாகியிருக்காது. உட்காரவில்லை. சரணாகதி என்பது தன் உயிரின் கடைசிக் கதியைப் பற்றிய நம்பிக்கை. கையில் கொடுக்கப்பட்ட பொருளைப் பற்றிய கவனக்குறைவுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. இந்த வேறுபாட்டை விளக்கிய உரைகளைவிட, அந்தக் காட்டுப் பயணமே நல்ல உரை.

திரும்பி வந்ததிலும் ஒரு சிக்கல். 48 ஆண்டில், பழைய மூர்த்தியைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர் எவரும் மிஞ்சவில்லை. இடையில் வேறொரு மூர்த்தியும் கோயிலில் எழுந்தருளியிருந்தது. எது பழையது? கண் தெரியாத ஒரு வயதான சலவைத் தொழிலாளி, திருமஞ்சனத்தில் நனைந்த ஆடையின் நீரைக் கொண்டு அடையாளம் சொன்னார் என்கிறது கோயில் வழக்கு. அனுப்பியதும் வந்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற வேலை கடைசியில் துணி துவைத்தவரிடம் போய் நின்றது. இன்று அதே வேலைக்குக் கைத்தொலைபேசி போதும்: ஏற்றுமுன் காரின் நான்கு பக்கமும் படம், இறக்கியபின் நான்கு பக்கமும் படம்.

வைணவத் தத்துவம் கெடா தோட்டத்துக்கு எதற்கு, இங்கே இருப்பது மாரியம்மனும் முருகனும்தானே என்று கேட்கலாம். சைவத்திலும் இதே கோடு போடப்பட்டிருக்கிறது. தன்னைத் தாங்குவது இறைவன் பொறுப்பு, தொண்டு செய்வது தன் பொறுப்பு என்று பங்கு பிரித்துப் பாடியவர் அப்பர். பங்கு பிரித்ததைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளிவிடவில்லை. உழவாரப் படையைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர் அவர்.

அந்த அப்பரின் சதய விழாவில்தான் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேர் திரும்பும் இடத்தில் உயர் அழுத்த மின்கம்பி உரசி 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. பக்தியில் அந்த ஊர் யாருக்கும் குறைந்ததில்லை. தேரின் உயரம் என்ன, கம்பியின் உயரம் என்ன, ஊர்வல நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியாயிற்றா என்ற கேள்விகள் பக்திக்கு வெளியே இருப்பதாக நினைத்ததுதான் கோளாறு. டிரெய்லரில் ஏற்றிய காருக்கும் உயரமும் அகலமும் நீளமும் மாறிவிடுகின்றன என்பதை நினைவில் வைப்பவர் குறைவு. வளைவில் முன்வண்டி தாண்டிய இடத்தை டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்.

தேர் இழுக்கும் ஊர்களில் இதையெல்லாம் அறிந்த ஓர் ஆள் எப்போதும் உண்டு: முட்டுக்கட்டை போடுபவர். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் என்றாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுகிற அந்த நாலைந்து பேர் கையில் இருக்கிறது. 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் கட்டை போடுபவர்கள் வேலையை விடவில்லை. தியாகராசர் பிரேக்கைக் கண்டு கோபித்ததாக யாரும் சொன்னதில்லை. பினாங்குத் தைப்பூசத்தில் வலம் வரும் நகரத்தாரின் வெள்ளி ரதத்துக்கும் மனிதக் கை தேவைப்பட்டது. 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. சாமியைச் சுமக்கப் போகிற ரதத்தையே முதலில் ஒரு கப்பல் சுமந்தது, கடலில் அது உருளாமல் யாரோ கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புக்காகக் கோயில் இடம் மாறும்போது குருக்கள் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று புரியும். மூர்த்தியின் சக்தியை முதலில் கும்பத்து நீருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆகமத்தில் அதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். புது இடத்தில் கும்பாபிஷேகம் ஆகும்வரை வழிபாடு பாலாலயத்தில் நடக்கும். அதாவது லோரியில் ஏறும் நேரத்தில் அது கல். கல்லுக்குச் சாக்கும் வைக்கோலும் கயிறும் வேண்டும். மந்திரம் ஒரு வேலையைச் செய்கிறது, கயிறு இன்னொரு வேலையைச் செய்கிறது. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது என்பது ஆகமத்துக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டம் இதைச் சாமி பெயரில்லாமல் சொல்கிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872-இன் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதன் 104-ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைப் பொறுப்பில் எடுப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிக்கும் அளவுக்காவது அதைக் கவனிக்க வேண்டும். 103-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. பொருளைக் கொடுப்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைச் சொல்லியாக வேண்டும். வாடகைக்குக் கொடுத்திருந்தால், குறை தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. டிரெய்லரின் கொக்கி தேய்ந்திருந்து விபத்து நேர்ந்தால், “கவனிக்கலையே அண்ணே” என்ற பதில் செல்லாது. கார்க்காரரின் கார்ப்பண்யத்தை ஆசாரியர் கேட்டார். வாடகைக்காரரின் கார்ப்பண்யத்தைச் சட்டம் கேட்கிறது.

மெர்போக்கில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊருக்குச் சற்றுத் தள்ளி, குனோங் ஜெராய் அடிவாரத்தில், புக்கிட் பத்து பாஹாட் குன்றில் 1980-இல் திறந்த பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. 1936–37-இல் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து, 1959–60-இல் அலஸ்டேர் லாம்ப் குழு மீட்டெழுப்பிய சண்டி, அதாவது பழங்காலக் கோயில், அங்கேயே, தன் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதே வளாகத்தில் நிற்கும் பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் சண்டிகளோ வேறு இடங்களிலிருந்து வந்தவை. செங்கல் செங்கலாக, கல் கல்லாகச் சுமந்து வந்து மறுபடி அடுக்கியவை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துவரும் தமிழ்ப் பெற்றோர் “ராஜேந்திர சோழன் வந்த கடாரம் இது” என்று 1025-ஐப் பற்றிச் சொல்லுகிறார்கள். அந்தக் கோயில்களே பயணம் செய்தவை என்பதையும் சொல்லலாம்.

மூடா ஆற்றுக்குத் தெற்கே, அன்றைய வெல்லஸ்லி மாகாணத்தில், 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு ஒன்று இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 5-ஆம் நூற்றாண்டு எழுத்து. புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன், கல்லில் ஒரு ஸ்தூபியைச் செதுக்கி, பயணம் எல்லா வகையிலும் நல்லபடி முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். இந்தக் கரையில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, பயணம் பத்திரமாக அமைய வேண்டும் என்ற பிரார்த்தனை. “சாமி பாத்துக்கும்” என்பதன் மூதாதை. ஆனால் வேண்டியவன் கப்பல் தலைவன். பாயும் சுக்கானும் நங்கூரமும் அவன் அன்றாட வேலை. மழைக்காற்று எந்த மாதம் திரும்பும் என்று தெரிந்தவன். கப்பலில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தபின், தன் கைக்கு அப்பாற்பட்டது என்று மிஞ்சிய கடலுக்காக வேண்டியிருக்கிறான் என்றே அந்தக் கல்லைப் படிக்கத் தோன்றுகிறது.

யாரும் சுமக்காத சுமைக்கு என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 2013 இறுதியில், சுங்கை பத்து பகுதியின் 11-ஆம் எண் சண்டி, நிலம் திருத்தும் இயந்திரத்தால் தரைமட்டமானது தெரிய வந்தது. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கட்டடம். மேம்பாட்டாளர் தரப்பில் தெரியாது என்ற பேச்சு. மாநில அரசுத் தரப்பில் அது தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்ற விளக்கம். 2005-இலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தார்கள். பெண்டியாட் சண்டிக்கு மெர்போக் வரை சுமந்து வர ஆள் இருந்தது, 11-ஆம் எண்ணுக்கு ஒரு வேலி போடக்கூட இல்லை.

ஆகவே, எலுமிச்சம்பழம் வைப்பவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. தன் கை எட்டாத இடம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர் அவர், அந்த அடக்கம் நல்லது. எதிரே தூங்கி வழிந்து வரும் ஓட்டுநரை எந்தப் பட்டையாலும் கட்ட முடியாது. தப்பு நடப்பது, கை எட்டும் இடத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கும்போது. தென்கலையோ வடகலையோ சைவமோ, தளர்ந்த பட்டையைச் சாமியின் பொறுப்பில் விட்டவர் என்று நம் மரபு போற்றும் ஒருவரையும் காணோம். முட்டுக்கட்டைக்காரர் கட்டையைச் செருகிவிட்டுத்தான் நிமிர்ந்து கும்பிடுகிறார்.

மெர்போக், பீடோங், சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தம்பிகள் அடுத்த முறை டிரெய்லர் எடுக்கும்போது முதலில் காரின் அடியில் ஓர் அளவுகோலை வைத்து, மிகத் தாழ்ந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து அந்த எண்ணை அப்படியே சொல்லுங்கள். காரின் எடையையும், இழுக்கப் போகும் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதையும் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: டிரெய்லர் ஜேபிஜேயில் பதிந்ததா, பட்டைகள் எத்தனை டன் தாங்கும், கிழிசல் உண்டா, டயருக்கு என்ன வயது, வழியில் சேதம் வந்தால் காப்புறுதி யாருடையது, ஓட்டுபவர் நேற்று இரவு தூங்கினாரா. இவற்றுக்கு முகம் சுளிக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காமல், அடுத்த டிரெய்லர்காரரைத் தேடிப் போங்கள்.